மிளகுத் திருகையில் சிவப்பு வட்டம்

உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அது என்னுடையது, அதில் உட்கார்ந்தால் பட்டறை முதுகுப்பக்கம் போய்விடும். இயந்திரம் வாங்க வந்தவர் நீங்கள், உங்களுக்குப் பட்டறை கண்ணில் பட வேண்டும். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தே பழக்கம்.

மின்சாரம் வந்துவிடும். ஏதோ கம்பி மாற்றுகிறார்களாம், காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓட்டிப் பார்க்காமலேயே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மேஸ்திரி உள்ளே நின்று நிதானமாகப் பார்க்கட்டும். என் மனைவி பிரகாசி உடன் இருக்கிறாள். எது எங்கே இருக்கிறது என்று அவள் காட்டுவாள். நாள்தோறும் பெருக்குகிறவள் அல்லவா, இடம் பழகியிருக்கும்.

நான் உள்ளே வருவதில்லை. அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பங்குச் சாமியார் உங்களிடம் எவ்வளவு சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ‘வாத்தியார் வீட்டுல ஒரு லேத்து சும்மா கெடக்கு, போய்ப் பாருங்க’ என்று மட்டும் சொல்லியிருப்பார். ஏன் விற்கிறேன் என்று சொல்லியிருக்க மாட்டார். நீங்களும் கேட்கவில்லை. அது உங்கள் பண்பு. ஆனால் ஒரு பொருளை வாங்குகிறவர் அதன் குணம் அறிந்து வாங்க வேண்டும். மறைத்து விற்பது எனக்கு ஆகாது. ஆகவே சொல்லிவிடுகிறேன். அந்த இயந்திரம் சும்மா கிடக்கவில்லை. அதில் என் மகன் அமலன் வேலை செய்துகொண்டிருக்கிறான். அமலன் சென்ற ஐப்பசியில் இறந்துவிட்டான்.

நீங்கள் சிரிக்கவில்லை. நன்றி. சாமியார் சிரித்தார். என் மனம் நோகாதபடிதான் சிரித்தார். ‘வாத்தியாரே, ஆன்மாவுக்கு மும்முனை மின்சாரம் வேணுமா?’ என்று கேட்டார். வேண்டும் போலிருக்கிறது என்றேன். ஏனெனில் மின்தடை உள்ள நாள்களில் அவன் வருவதே இல்லை. இன்றுகூட வரவில்லை, பாருங்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு ஒரே மகன். ஆசிரியர் பயிற்சியில் சேர்த்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்தான். வந்தவன் கையோடு இந்தக் கடைசல் இயந்திரத்தை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து, பின்னால் மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் நிறுத்தினான். என்ன கடையப் போகிறாய் என்று கேட்டேன். மிளகுத் திருகை என்றான்.

நீங்கள் கட்டில் கால் கடைகிறவர் என்றார் சாமியார். இதையும் பார்த்திருப்பீர்கள். ஒரு சாண் உயரம் இருக்கும். உடலும் தலையும் ஒரே கட்டையிலிருந்து வர வேண்டும். அறுத்த இடம் தெரியாமல் மரத்தின் ரேகை மேலும் கீழும் ஒட்டி ஓட வேண்டும். நடுவில் நெடுகத் துளை. அடியில் இரும்புப் பல். உச்சியில் ஒரு குமிழ். உள்ளே மிளகைக் கொட்டித் தலையைத் திருகினால் கீழே பொடி விழும். கோடைக்கானலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டு மேசையில் வைப்பதற்கு வாங்கிப் போகிறார்கள். நம் வீடுகளில் அது யாருக்கு வேண்டும்? ரசத்துக்கு நாலு மிளகை அம்மியில் வைத்து நசுக்கினால் ஆயிற்று. மளிகைக்கடைப் பாக்கியநாதன் என்னைக் கண்டாலே ஊர் கேட்கும்படி, ‘என்ன வாத்தியாரே, மிளகு தட்டுறதுக்கு ஒங்க மகன் தேரு செய்யிறானாமுல்ல?’ என்பான்.

ஆனாலும் நான் தடுக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தடுக்கவே இல்லை. தடுப்பதற்குப் பதிலாக, அவன் செய்த ஒவ்வொரு திருகையையும் எடுத்துப் பார்த்தேன். எந்தத் தகப்பன் பார்ப்பான்? மாலையில் நான் பள்ளி விட்டு வரும்போது அவன் பட்டறைச் சன்னலில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பான். என் சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இருக்கும். பிழை உள்ள இடத்தில் ஒரு சிறு வட்டம். பக்கத்தில் ஒரு சொல். ‘இடை சமமில்லை.’ ‘விளிம்பு கூர்மை.’ ‘தலை ஆடுகிறது.’ அவ்வளவுதான். திட்டியதில்லை, அடித்ததில்லை. மறுநாள் அவன் வட்டத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பவும் இயந்திரத்தில் மாட்டித் திருத்துவான். மரத்தில் ஒரு தொல்லை உண்டு. குறைக்கலாமே தவிரச் சேர்க்க முடியாது. திருத்தத் திருத்தத் திருகை மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் சொன்னான்: ‘அப்பா, இன்னும் ரெண்டு வட்டம் போட்டீங்கன்னா இது பல்லுக்குத்துற குச்சியாயிரும்.’

அப்போது உள்ளேயிருந்து பிரகாசி சிரித்தாள். பட்டறைக்குள்ளிருந்துதான் சிரித்தாள். காப்பி கொடுக்கப் போயிருப்பாள்.

‘நன்று’ என்று நான் எதிலும் எழுதியதில்லை. எழுதும்படியாக ஒன்றும் வரவில்லை. தகுதி இல்லாத இடத்தில் பாராட்டுவது பொய் சொல்வதற்குச் சமம். என் மாணவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் கையால் அந்தச் சொல்லை வாங்கியவர்கள் இன்றும் அதைச் சொல்லிக்கொள்வார்கள்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை ஒரு பெட்டி நிறையத் திருகைகள் பேருந்தில் கோடைக்கானல் கடைக்குப் போய்விட்டன. என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டான். வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. எடுத்தேன். அதுவரை நான் புறத்தோற்றத்தைத்தான் பார்த்திருந்தேன். அன்று மிளகு போட்டுத் திருகிப் பார்த்தேன். பொடியா விழுந்தது? அரையும் குறையுமாக உடைந்த மிளகு விழுந்தது. அமலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘மேல இருக்க குமிழக் கொஞ்சம் இறுக்குனா நைசா விழும்ப்பா. வேணுங்கிற மாதிரி வச்சுக்கலாம்’ என்றான். ‘வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் நீ போய் இறுக்கிக் கொடுப்பாயா?’ என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பதில் இல்லை, ஆகவே சொல்லவில்லை. விளக்கம் தேவைப்படும் பொருள் பிழையுள்ள பொருள்தான். பிழையுள்ள பொருள் பிறர் கைக்குப் போவதற்கு முன் திரும்பி வர வேண்டும். இன்றே போய் எடுத்து வா என்றேன். மழையாயிருக்கே, நாளைக்குப் போகட்டுமே என்றாள் பிரகாசி. நாளைக்குள் விற்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். 

வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது கோபமாகக்கூட இல்லை. ‘சரிப்பா’ என்றான். மலைப்பாதையில் ஓடைத்தண்ணீர் குறுக்கே பாய்கிற ஒரு வளைவு இருக்கிறது. மூடுபனி. எதிரே காய்கறி லாரி.

நான் சரியானதைத்தான் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பிரகாசி இன்றுவரை அந்த நாளைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கும்படியாக ஏதாவது இருந்தால் கேட்டிருப்பாள் அல்லவா?

கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடியது. வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே என் மகன் கிடந்த இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. மெழுகுவர்த்தி நட்டால் சாய்ந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் அங்கே போய்விடுவேன். மாலைக் கோயில் மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருப்பேன். பேசமாட்டேன், செபமாலையும் சொல்லமாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பேன். பட்டறை பூட்டிக் கிடந்தது. சாவி சமையலறை ஆணியில் தொங்கியது.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள். கல்லறையிலிருந்து திரும்பி வருகிறேன். பட்டறைச் சன்னலில் ஒரு திருகை நிற்கிறது.

புதியது. சில்வர் ஓக் மரம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிறார்களே, அந்த மரம். அதன் ரேகை மீன் செதில் மாதிரி மினுங்கும். சன்னல் வழியே தரையைப் பார்த்தேன். சுருள் சுருளாகச் சீவல். ஈரவாசனை போகாத சீவல்.

உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறதோ அது எனக்குத் தோன்றவில்லை, ஐயா. பயம் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இடை கோணலாக இருக்கிறது. கை தானாகப் பைக்குப் போனது. வட்டம் போட்டு, ‘இடை கோணல்’ என்று எழுதி, அது நின்ற இடத்திலேயே வைத்தேன்.  வந்து இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். இதே போல முதுகு காட்டி.

மறுநாள் மாலை கோணல் திருந்தியிருந்தது.

உத்தரிக்கிற ஆன்மாக்கள் என்று நாங்கள் சொல்வோம். மோட்சத்துக்குப் போகுமுன் தம் குறைகளைக் கழித்துக்கொள்ள ஓரிடத்தில் இருக்கும் ஆன்மாக்கள். சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த செய்திதான். ஆனால் குறைகளை எப்படிக் கழித்துக்கொள்கிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை. நான் பார்த்தேன். சன்னலில் வைக்கிறார்கள், வட்டம் போட்டால் திருத்திக்கொள்கிறார்கள்.

தை, மாசி முழுவதும் இப்படியே நடந்தது. நான் கல்லறைக்குப் போகிற நேரத்தில் அவன் வீட்டுக்கு வந்து கடைவான். நான் திரும்புகிற நேரத்தில் போய்விடுவான். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் அவன் பின்வாசல் வழியாக எங்கேயாவது கிளம்புவான். ஆனால் அப்போது இருந்த மனத்தாங்கல் இப்போது இல்லை. அவன் கேட்கிறான், நான் சொல்கிறேன். அவன் பிழைகூட மாறிவிட்டது. ஆரம்பத்தில் முரட்டுப் பிழைகள். உளி ஆழமாகக் கடித்த தடம், அறுத்த இடத்தில் ரேகை விலகல். போகப்போக நுணுக்கமான பிழைகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் தேடினால்தான் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. திருகையின் இடை முன்பைவிட ஒடுங்கியிருந்தது. பிடித்துப் பார்த்தால் என் கைக்குச் சிறியது. அமலனுக்கு என்னைவிடப் பெரிய கை. உடலை விட்டு நீங்கியவர்களுக்குக் கைகள் சிறுத்துப் போகுமோ என்று எண்ணினேன். அதை எண்ணி ஒருநாள் கல்லறையில் அழுதேன். அவன் இறந்ததற்கு அழாதவன், கை சிறுத்துப் போனதற்கு அழுதேன்.

திருகைகள் சேர்ந்ததும் பிரகாசி பெட்டியில் அடுக்கிப் பேருந்தில் கோடைக்கானலுக்கு அனுப்பிவிடுவாள். கடைக்கார அம்மாள் தொலைபேசியில், ‘அந்த ஒல்லி இடுப்பு மாடல் இன்னும் வேணும், பொம்பளைங்க கைக்கு நல்லா அமையுதுன்னு கேட்டு வாங்குறாங்க’ என்று சொன்னாளாம். பிரகாசி என்னிடம் வந்து சொன்னாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. மகன் பொருள் விற்றால் தாய்க்கு மகிழ்ச்சி இருக்காதா?

ஒருநாள் கல்லறைத் தோட்டத்தில் வெயில் தாங்கவில்லை. மணி அடிக்குமுன்பே திரும்பிவிட்டேன். வாசற்கதவின் கொக்கியில் கை வைக்கிறேன், பட்டறையில் இயந்திரம் ஓடுகிறது. அவன் போன பிறகு அதுவரை நான் கேட்டதில்லை ஐயா. சீவலைத்தான் பார்த்திருந்தேன், சத்தத்தைக் கேட்டதில்லை. பத்தடி நடந்தால் சன்னல். எட்டிப் பார்த்தால் என் மகன். நடக்க முடியவில்லை. கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, பிரகாசி, பிரகாசி என்று உரக்கக் கூப்பிட்டேன்.

சத்தம் நின்றது. அவள் பட்டறையிலிருந்து வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் மரத்தூள். நெற்றிமேல் ஏதோ ஒரு கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள்.

‘கேட்டாயா?’ என்றேன்.

‘என்னத்தங்க?’

‘இயந்திரம் ஓடியது.’

‘ஆமா, ஓடுச்சு. நான்தாங்க ஓட்டுனேன்.’

 அவளே சொன்னாள்; எத்தனை நாள் மனத்தில் வைத்திருந்தாளோ, கொட்டினாள். அமலன் இருந்தபோதே தனக்குக் கடையத் தெரியும் என்றாள். ‘நீங்க பள்ளிக்கூடம் போனப்புறம் ரெண்டு பேருமாத்தான் கடைவோம். ஒங்ககிட்டச் சொன்னா அதுக்கும் ஒரு வட்டம் போடுவீங்கன்னு அவன்தான் சொல்லவேணாம்னான். நீங்க செவப்புல போட்ட வட்டத்துல பாதி எனக்குப் போட்டதுங்க’ என்றாள்.

நீங்களே சொல்லுங்கள் ஐயா. இதை நம்ப முடியுமா? ஊறுகாய்ப் பாட்டில் மூடியைக்கூட என்னிடம் கொண்டுவந்து நீட்டித் திறக்கச் சொல்கிறவள். தீபாவளிக்கு எதிர்வீட்டில் வெடி வெடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறவள். நான் கோபிக்கவில்லை. தாய்மனம் எப்படியெல்லாம் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். உயிரோடிருந்தபோது மகனுடைய தவறுகளைத் தன் தவறு என்று சொல்லி மறைத்தவள், இறந்த பிறகும் அதையே செய்கிறாள். பாதி வட்டம் தனக்காம்!

‘நம்பலேன்னா வாங்க. இப்பவே ஒரு கட்டைய மாட்டி ஒங்க கண்ணு முன்னாடி கடைஞ்சு காட்டுறேன்’ என்று கையைப் பிடித்தாள். நான் போகவில்லை. போவதால் என்ன தெரிந்துவிடும்? ஒருவன் எழுதிய விடையைப் பார்த்து இன்னொருவன் எழுதலாம். அதனால் முதலில் எழுதியவன் இல்லை என்று ஆகிவிடுமா? கையை விடுவித்துக்கொண்டு முகம் கழுவப் போனேன்.

அவள் உள்ளங்கை அன்று சொரசொரவென்று இருந்தது. கட்டைவிரலில் ஒரு வெட்டுக்காயம். வாழைப்பூ ஆயும்போது பட்டதாக இருக்கும்.

பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தவக்காலம் வந்தது. நான் வழக்கம்போலக் கல்லறைக்குப் போனேன். சன்னலில் வழக்கம்போலத் திருகை நின்றது. பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் ஒன்று நின்றது, ஐயா. ஈட்டி மரம். மிச்சத் துண்டாக எங்கோ கிடைத்திருக்கும். கையில் எடுத்தேன். சுற்றிப் பார்த்தேன். தலையைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். கறுப்பு ரேகை ஒன்று அடியிலிருந்து கிளம்பி, அறுத்த இடத்தைத் தாண்டித் தலைவரை ஒரே நூலாகப் போகிறது. பிழை இல்லை.  பென்சிலை எடுத்து அடிப்பாகத்தில், வட்டம் போடாமல், ‘நன்று’ என்று எழுதினேன்.

மறுநாள் அது சன்னலில் இல்லை. சமையலறைக்குப் போனேன். பிரகாசி அடுப்புக்கு முன்னால் மணையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

‘ஏன் அழுகிறாய்?’

‘நன்றுன்னு போட்டிருக்கீங்க.’

‘அவனுக்குத்தானே போட்டேன்.’

அவள் என்னைப் பார்த்தாள்.  சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது; அதைக்கூட இறக்கவில்லை. பிறகு, ‘ஆமாங்க. அவனுக்குத்தான்’ என்றாள்.

அந்தத் திருகையை அவள் கடைக்கு அனுப்பவில்லை. உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். உயிர்த்த ஞாயிறன்று காலை எனக்கு முட்டை வைத்தவள், அதை எடுத்துத் தட்டுக்கு மேலே திருகினாள். உடைந்த மிளகு விழுந்தது. உச்சிக் குமிழை இரண்டு விரலால் கொஞ்சம் இறுக்கினாள். மறுபடியும் திருகினாள். மாவு போல விழுந்தது. ‘இம்புட்டுத்தாங்க’ என்றாள்.  தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

இந்தத் திருகை அப்படி இருக்கலாம். அதனால் அன்று நான் அமலனிடம் காட்டிய திருகையும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. முட்டையை நான் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இயந்திரத்தை விற்க முடிவு செய்தேன். காரணம் தெளிவானது. குறை கழியும் வரைதான் ஆன்மா உத்தரிக்கும். குறை கழிந்துவிட்டது; என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனியும் இயந்திரத்தை வைத்திருந்தால் அவனை இங்கே கட்டிவைப்பது போலாகும். சாமியாரிடம் போய், யாராவது நல்ல ஆளாகப் பார்த்து அனுப்புங்கள் என்றேன். அவர் தயங்கினார். ‘அம்மாகிட்டக் கேட்டீங்களா?’ என்றார். கேட்க என்ன இருக்கிறது? ‘இல்ல வாத்தியாரே, நீங்க மொதல்ல அம்மாகிட்டக் கேளுங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பலமுறை போய் நின்ற பிறகுதான் உங்களை அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் இன்று வருகிறீர்கள் என்று நேற்றுச் சாப்பிடும்போது பிரகாசியிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

‘அத வித்துட்டா நான் எங்கங்க போவேன்?’ என்றாள்.

‘நீ ஏன் எங்கேயும் போக வேண்டும்? வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன்’ என்றேன்.

‘வீட்டுல நீங்க இருக்கீங்க. அவன் அங்கதான இருக்கான்’ என்றாள்.

பார்த்தீர்களா? அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தான் ஓட்டியதாகச் சொன்னவள், தன் வாயாலேயே சொல்லிவிட்டாள், அவன் அங்கேதான் இருக்கிறான் என்று. ஆனால் அவள் அவனை விடமாட்டேன் என்கிறாள். நான் விடச் சொல்கிறேன். எங்களுக்குள் இருக்கும் வழக்கு இவ்வளவுதான். சற்றுமுன் நீங்கள் வந்தபோது அவள் உங்களை ‘வாங்க’ என்று சொல்லவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் மேஸ்திரியோடு பட்டறைக்குள் போனபோது சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். ஏதோ அவளைத் தேர்வுக்கு அழைத்துப் போவதைப் போல இருந்தது எனக்கு.

மின்விசிறி சுற்றுகிறது, பாருங்கள். மின்சாரம் வந்துவிட்டது.

ஓட்டட்டும். ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கும் மனம் நிறையும். எனக்கு என்ன? நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரத்தின் சத்தம் இயந்திரத்தின் சத்தம்தான். உங்கள் மேஸ்திரி ஓட்டினால் அது உங்கள் மேஸ்திரியின்...

இல்லை. இது அவர் இல்லை.

கேட்கிறதா ஐயா? இப்போது உளியை மரத்தில் வைக்கவில்லை. தாங்கியில் வைத்து, மரத்தை ஒட்டினாற்போல் காற்றிலேயே ஒருமுறை கொண்டுபோகிறார்கள். அந்த மெல்லிய கீச்சு, அதுதான். இப்போது வைத்தாயிற்று. அமலன் இப்படித்தான் வைப்பான். பள்ளிவிட்டு நான் தெருமுனையில் வரும்போதே கேட்கும். கேட்டதும் பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வேறு யாராலும் இப்படி வைக்க முடியாது. சேர்ந்து வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு வரலாம். வேறு யாருக்கும் வராது.

நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். உங்கள் இடத்திலிருந்து சன்னல் நன்றாகத் தெரியுமே. மேஸ்திரி எங்கே நிற்கிறார்? கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறாரா? வாயால் சொல்ல வேண்டாம், தலையை மட்டும் அசையுங்கள்.

வேண்டாம். தலையையும் அசைக்க வேண்டாம்.

நான் திரும்பப் போவதில்லை. கழுத்தைத் திருப்பினால் போதும் என்று எனக்குத் தெரியும். என் பெயர் சூசைமாணிக்கம் என்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். திருப்பினால் அந்தச் சன்னலில் இயந்திரத்துக்கு முன்னால் ஒருவர்தான் இருப்பார். இருவர் இருக்க மாட்டார்கள். மேஸ்திரியை வெளியே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் ஐயா. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள். இயந்திரம் விற்பனைக்கு இல்லை. இவ்வளவு தூரம் உங்களை அலைக்கழித்ததற்கு மன்னியுங்கள். சாமியாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். பிரகாசியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வண்டி காலியாகப் போகிற சத்தம் கேட்டால் அவளே புரிந்துகொள்வாள்.

என்ன ஐயா, என்னையே பார்க்கிறீர்கள்? இந்த முகத்தை நான் அறிவேன். எத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் நின்றிருக்கிறேன்! விடை தெரிந்துவிட்ட பையனுக்கு முகம் இப்படித்தான் ஆகும். உட்கார முடியாது, கை தானாக மேலே எழும், கூப்பிடமாட்டாரா என்று கண் துடிக்கும். கூப்பிட மாட்டேன். கையை இறக்குங்கள். இந்த வகுப்பில் இன்று யாரும் விடை சொல்ல வேண்டாம்.

ஓடட்டும்.